பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே கையெழுத்து: ஏனோதானோ சேவை, கண்துடைப்புப் பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாடு ஏன் முன்னேறவில்லை என்று பேச்சு வந்தால் ஊழல், மக்கள்தொகை, முதலீடு என்று ஆரம்பித்துவிடுகிறோம். கவுண்டரில் "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புவதும், அவசர வழிக் கதவுக்குப் பூட்டுப் போடுவதும் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. அதெல்லாம் சில்லறை விஷயம் என்று ஒரு நினைப்பு. தரத் தணிக்கை வேலைக்காகப் பல கட்டடங்களுக்குள் ஏறி இறங்கியவன் நான். சில்லறை என்று ஒதுக்குவதில்தான் முதலே கரைந்துபோகிறது என்பது என் அனுபவம். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

மோசமான சேவைக்கும் நாட்டின் வளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதானே?

எரிச்சலோடு முடிந்தால் பரவாயில்லையே. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பொருள் தயாராகி வாங்குபவர் கைக்குப் போய்ச் சேரப் பத்துக் கட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். மூலப்பொருள், மின்சாரம், இயந்திரம், பரிசோதனை, லாரி, துறைமுகம் என்று வரிசையாக. ஒவ்வொரு கட்டத்திலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாக நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் அது முதல் ரேங்க் மதிப்பெண். ஆனால் பத்துக் கட்டமும் தாண்டி ஒழுங்காக வந்து சேருவது நூற்றுக்கு அறுபதுதான். அதே பத்துக் கட்டத்தையும் தொண்ணூற்றொன்பதுக்கு ஏற்றினால் தொண்ணூறு வந்து சேரும். இங்கே நடப்பது கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. மற்ற ஒன்பது பேரும் தொண்ணூற்றைந்திலேயே நிற்க, நீங்கள் மட்டும் முட்டி மோதித் தொண்ணூற்றொன்பதுக்கு உயர்ந்தால் முடிவு அறுபதிலிருந்து அறுபத்திரண்டு ஆகும். மற்ற ஒன்பது பேரும் தொண்ணூற்றொன்பதில் இருக்கும் இடத்தில் அதே முயற்சி எண்பத்தேழைத் தொண்ணூறாக்கும். உழைப்பு ஒன்றுதான், பலன் வேறு. ஒழுங்கற்ற இடத்தில் ஒழுங்காக வேலை செய்பவருக்குக் கிடைக்கும் கூலி குறைவு. கெட்டிக்காரர்கள் ஏன் ஊரைவிட்டுப் போகிறார்கள், இருப்பவர்கள் ஏன் ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடுகிறார்கள் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. மைக்கேல் கிரெமர் என்ற பொருளாதார அறிஞர் 1993-ல் இதைக் கோட்பாடாகவே வகுத்தார் (2019-ல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர், பரிசு கிடைத்தது வேறு ஆய்வுக்கு). 'ஓ-ரிங் கோட்பாடு' என்று பெயர். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்களே, அதற்குக் காரணமான ரப்பர் வளையத்தின் பெயர்தான் ஓ-ரிங். மற்ற ஆயிரம் பாகங்கள் எவ்வளவு அருமையாக இருந்தும் பயனில்லாமல் போயிற்று.

ஒரு நாலு மாதத் தாமதத்தால் என்ன கெட்டுவிடும்?

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சிறு பட்டறைக்காரர் கடன் வாங்கிப் புதிய இயந்திரம் ஒன்றை இறக்கினார். அதை ஓட்டக் கூடுதல் மின் இணைப்பு வேண்டும். விண்ணப்பம் கொடுத்தார். நான் போனபோது இயந்திரம் வந்து நாலு மாதம். பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. உறைமேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி. வேலையாட்களில் யாரோ சட்டையைக் கழற்றி அதன் கைப்பிடியில் மாட்டியிருந்தார்கள். பதினொரு முறை அலுவலகத்துக்கு நடந்திருக்கிறார். பதினொன்றாவது தடவைதான் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம் நிரப்பப்படவில்லை என்று சொன்னார்களாம். முதல் நாளே அதே காகிதத்தைத்தான் வாங்கி முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் திட்டவில்லை. ஒருவர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் நாலு மாத வட்டி ஓடிவிட்டது. புதிதாகச் சேர்க்க நினைத்த ஆட்களைச் சேர்க்கவில்லை. வர வேண்டிய ஆர்டர் வேறு பக்கம் போயிற்று. இந்த நஷ்டம் எந்தத் துறையின் கணக்கிலும் ஏறாது. அதனால்தான் யாருக்கும் உறைப்பதில்லை.

மறைமுகச் செலவு இதைவிடப் பெரியது. மின்சாரத்தை நம்ப முடியாததால் ஜெனரேட்டர், தண்ணீரை நம்ப முடியாததால் தொட்டி, சரக்கு நேரத்துக்கு வராது என்பதால் கூடுதல் இருப்பு, காகிதம் தொலையும் என்பதால் ஐந்து நகல். அத்தனை பேரும் அடுத்தவர் சொதப்புவார் என்று எதிர்பார்த்துச் செய்யும் செலவு. அதிலிருந்து ஒரு புதிய பொருளும் பிறப்பதில்லை.

சேவைக் குறைபாடு வேறு, பாதுகாப்புக் குறைபாடு வேறு இல்லையா? ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

வேர் ஒன்றுதான். இரண்டாம் பக்கத்தைப் புரட்டாத அதே கைதான் பிரேக்கையும் பார்க்காமல் "சரி" என்று எழுதுகிறது. ஒரே ஒரு வித்தியாசம். சேவை மோசமானால் அன்றைக்கே தெரிந்துவிடும். பாதுகாப்பு மோசமானால் பத்து வருடம்கூடத் தெரியாமல் போகலாம்.

எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ஏழை நாட்டால் எப்படி முடியும்?

பாதி உண்மை. 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் 7.0 அளவில் நிலநடுக்கம். பெரும்பாலான மதிப்பீடுகளின்படி லட்சத்துக்கு மேல் சாவு. ஆறு வாரம் கழித்து, பிப்ரவரி 27 அன்று சிலியில் 8.8. வெளிப்பட்ட ஆற்றலைப் பார்த்தால் ஹைட்டியை விட ஏறக்குறைய 500 மடங்கு. இறந்தவர்கள் சுமார் 525 பேர். ஹைட்டியில் மையம் தலைநகருக்கு மிக அருகில் இருந்தது, சிலி வசதியான நாடு, இதெல்லாம் மறுக்க முடியாது. ஆனாலும் சிலியில் நிலநடுக்கக் கட்டட விதிகள் காகிதத்தில் மட்டும் இருக்கவில்லை. கட்டடத்தின் முதல் உரிமையாளர் பத்து ஆண்டுகளுக்குக் கட்டுமானக் குறைக்குப் பொறுப்பு என்று அங்கே சட்டம். விற்றுவிட்டுக் கைகழுவ முடியாது. இந்த ஒரு வரியை எழுதக் கஜானாவிலிருந்து எதுவும் போகவில்லை.

மருத்துவத்தில் இது இன்னும் கண்கூடு. ஏழை, நடுத்தர வருமான நாடுகளில், சிகிச்சையால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்களை 2018-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்கு 86 லட்சம். அதில் மருத்துவமனைக்கே போகாததால் இறந்தவர்கள் 36 லட்சம். போய், சிகிச்சையும் பெற்று, அந்தச் சிகிச்சை தரமில்லாததால் இறந்தவர்கள் 50 லட்சம். கட்டடம் இருந்தது, கட்டில் இருந்தது, ஆளும் இருந்தார். முதல் தடவை இந்த எண்ணைப் பார்த்தபோது இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டேனோ என்று திரும்பப் பார்த்தேன்.

இதற்கு மருந்தும் எப்போதும் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கு 19 வரிகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. நோயாளி இவர்தானா, எந்தப் பக்கம் அறுக்க வேண்டும், பஞ்சும் ஊசியும் எண்ணியாயிற்றா என்ற மாதிரிக் கேள்விகள். ஏழை நாடு, பணக்கார நாடு என்று கலந்து எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தபோது மரண விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியது. செலவு, ஒரு தாள். பின்னால் சில இடங்களில் இதே தாளைக் கடமைக்கு டிக் அடித்து வைத்தார்கள். அங்கே எதுவும் மாறவில்லை.

வளர்ந்த நாடுகளும் ஆரம்பத்தில் இப்படித்தானே இருந்தன? முதலில் வளர்வோம், பாதுகாப்பைப் பிறகு பார்க்கலாம்?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. உணவகம் நடத்துபவர் முதல் ஓய்வுபெற்ற அதிகாரி வரை கேட்டுவிட்டார்கள்.

முதல் பாதி சரி. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற தையல் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், குடியேறி வந்தவர்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. மாடியிலிருந்து குதித்தவர்களைத் தெருவில் நின்று பார்த்த கூட்டத்தில் பிரான்சஸ் பெர்கின்ஸ் என்ற பெண்ணும் இருந்தார். தொழிற்சாலை விதிகளைத் திருத்தும் வேலையில் இறங்கியவர், 1933-ல் அந்த நாட்டின் தொழிலாளர் துறை அமைச்சரே ஆனார். அமெரிக்கா அப்போது இன்றைய அமெரிக்கா இல்லை. வளர்ந்து முடித்த பிறகு ஆற அமரப் பாதுகாப்பைப் பற்றி யோசிக்கவில்லை. வளரும்போதே, பிணங்களை எண்ணிக்கொண்டே, விதி எழுதினார்கள்.

தென்கொரியா இன்னும் சிக்கலான கதை, அதனால் எனக்குப் பிடித்ததும் அதுதான். "பாதுகாப்பு பிறகு" என்ற வாதத்துக்கு அதுதான் சிறந்த சாட்சி போலத் தோன்றும். ஒரே தலைமுறையில் அசுர வளர்ச்சி. ஆனால் 1994 அக்டோபரில் சியோலில் சோங்சு பாலத்தின் ஒரு துண்டு ஆற்றில் விழுந்து 32 பேர் இறந்தார்கள். அடுத்த ஜூன் 29-ல் சாம்புங் என்ற ஐந்து மாடி அங்காடி நொறுங்கி 502 பேர். நகரும் படிக்கட்டுக்கு இடம் வேண்டும் என்று தூண்களைக் குறைத்திருந்தார்கள். பிற்பாடு ஒரு மாடியைச் சேர்த்தார்கள். கூரைமேல் கனமான குளிர்சாதன இயந்திரங்களை உருட்டி நகர்த்தினார்கள். அன்று காலையிலேயே விரிசல் தெரிந்தும் வியாபாரம் நடந்தது. அனுமதி கொடுத்த அதிகாரிகள் லஞ்ச வழக்கில் உள்ளே போனார்கள்.

அப்படியும் கொரியா வளர்ந்ததே என்று கேட்கலாம். வளர்ந்தது. ஆனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது தானாக வந்து சேரவில்லை. 2014 ஏப்ரல் 16-ல், பணக்கார நாடாகிவிட்ட பிறகும், செவோல் என்ற கப்பல் அளவுக்கு மீறிய சரக்கோடு கவிழ்ந்து 304 பேர் இறந்தார்கள். அதில் 250 பேர் ஒரே பள்ளியின் பிள்ளைகள். இருந்த இடத்திலேயே இருங்கள் என்ற அறிவிப்பைக் கேட்டு நடந்தவர்கள். வருமானம் ஏறினால் பழக்கம் மாறும் என்பதற்கு இதில் ஆதாரம் எங்கே இருக்கிறது?

சட்டம் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, ஆய்வாளரும் வருகிறார். பிறகும் ஏன் விபத்து?

ஒரு அலுவலகக் கட்டடம். மூன்றாவது மாடி நடைக்கூடத்தில் தீயணைப்பான் மாட்டியிருந்தது. சிவப்புச் சாயம் பளபளவென்று இருந்தது. அழுத்தம் காட்டும் முள் மட்டும் பச்சையைவிட்டு எப்போதோ இறங்கிப் படுத்திருந்தது. பக்கத்தில் மாதாந்திரப் பரிசோதனை அட்டை, பன்னிரண்டு கட்டம். பன்னிரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே நீல மை, ஒரே சாய்வு. நான் போனது ஆகஸ்ட் மாதம். டிசம்பர் கட்டத்திலும் கையெழுத்து இருந்தது.

"சார், மொத்தமாப் போட்டுட்டா வேலை மிச்சம்" என்றார் கூட வந்தவர். அவர் பொய் சொல்லவில்லை, மறைக்கவுமில்லை. அவருக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை அட்டையை நிரப்புவது. நிரப்பிவிட்டார். மேலதிகாரி அட்டையைப் பார்க்கிறார், முள்ளைப் பார்ப்பதில்லை. ஆய்வாளர் மேலதிகாரியின் கோப்பைப் பார்க்கிறார். ஆக மூன்று பேரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். நெருப்பு வந்தால் நுரை வராது, அவ்வளவே.

கண்துடைப்பு என்று இதைத்தான் சொல்கிறோம். விதியே இல்லாத இடத்தில் ஆள் கொஞ்சமாவது உஷாராக இருப்பார். சான்றிதழ் தொங்கும் இடத்தில் அந்த உஷாரும் போய்விடுகிறது.

இதையே அரசு பெரிய அளவில் செய்யும்போது 'வரன்முறைப்படுத்தல்' என்று பெயர் வந்துவிடும். துருக்கியில் 2018 தேர்தலுக்கு முன், விதிமீறிக் கட்டிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சட்டப்பூர்வமாக்கினார்கள். கட்டடம் பலமாகவில்லை, காகிதம் மட்டும் சரியாயிற்று. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கங்களில் அந்த நாட்டில் மட்டும் 50,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அத்தனைக்கும் அந்தச் சலுகைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். விதியை மீறினால் பிறகு பணம் கட்டிச் சரிக்கட்டலாம் என்று கட்டுமானக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பதை மட்டும் சொல்வேன்.

"இத்தனை வருஷமா இப்படித்தான் ஓட்டுறோம், ஒண்ணும் ஆகலையே" என்பவருக்கு என்ன சொல்வது?

சேலஞ்சரை ஏவியவர்களும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்கள். முந்தைய பயணங்களிலேயே ஓ-ரிங்குகள் அரிக்கப்பட்டுத் திரும்பியிருந்தன. முதல் தடவை அது அபாய அறிகுறி. ஒன்றும் ஆகாததால் அடுத்த தடவை 'ஏற்கத்தக்க அளவு'. அதற்கடுத்த தடவை சகஜம். ஏவுவதற்கு முந்தைய இரவு, இவ்வளவு குளிரில் வேண்டாம் என்று ராக்கெட் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தடுத்தார்கள். மேலாளர்கள் மாற்றிப் பேசிவிட்டார்கள். டயான் வாகன் என்ற சமூகவியலாளர் இந்தச் சறுக்கலுக்கு 'விலகல் வழக்கமாகிவிடுதல்' என்று பெயர் வைத்தார். தினம் ஒரு அங்குலம் நகர்வதால் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்றே தெரிவதில்லை.

வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டடத்தில் விரிசல் தெரிந்தது 2013 ஏப்ரல் 23 அன்று. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. மேல்தளங்களில் இருந்த ஆடைத் தொழிற்சாலைகள் மறுநாள் காலை ஆட்களை உள்ளே வரச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். கட்டடம் ஒன்றே, விரிசலும் ஒன்றே. வங்கி ஊழியரால் "வரமாட்டேன்" என்று சொல்ல முடிந்தது. தையல்காரியால் முடியவில்லை.

இழப்பை எண்ணில் சொல்ல முடியுமா?

சாலை விபத்தில் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்தில் ஒன்பதுக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். பெரும்பாலான நாடுகளுக்கு இதனால் மொத்த உற்பத்தியில் 3 சதவீதம் போகிறது. வேலை சார்ந்த நோய், விபத்து காரணமாக இறப்பவர்கள் ஆண்டுக்கு 29 லட்சத்துக்கு மேல் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீடு. ஆண்டுக்கு ஐந்து சதவீதம் வளர்ந்தால் கொண்டாடும் நாடுகளுக்கு மூன்று சதவீதம் எவ்வளவு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

உள்ளூர் விஷயம்தானே இது? வெளிநாட்டுக்காரர் ஏன் கவலைப்பட வேண்டும்?

ஒரு நாடு கொடுக்கும் சான்றிதழும் அதன் நாணயம் மாதிரிதான். மதிப்புப் போனால் வெளியே யாரும் வாங்க மாட்டார்கள். 2020 மே மாதம் கராச்சியில் ஒரு பயணிகள் விமானம் விழுந்தது. அடுத்த மாதம் பாகிஸ்தானின் விமானப் போக்குவரத்து அமைச்சர், 262 விமானிகளின் உரிமங்கள் சந்தேகத்துக்குரியவை என்று நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார். உடனே ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு அமைப்பு அந்த நாட்டுத் தேசிய விமான நிறுவனத்துக்குத் தடை போட்டது. தடை விலக 2024 நவம்பர் ஆயிற்று. நாலரை வருடம். ஒழுங்காகத் தேர்வெழுதி உரிமம் வாங்கிய விமானிகளும் அதே சந்தேகப் பார்வையைச் சுமந்தார்கள் என்பதுதான் கொடுமை.

பாதுகாப்புக்குச் செலவழித்தால் லாபம் போகாதா? தொழிற்சாலைகள் வேறு நாட்டுக்கு ஓடிவிடாதா?

ராணா பிளாசாவுக்குப் பிறகு இதே பயத்தைத்தான் கிளப்பினார்கள். 2013 மே மாதத்தில், ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 1,600-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள் சோதிக்கப்பட்டன. தீக்கதவு, தூண், மின் இணைப்பு எல்லாம் சரிசெய்யச் சொன்னார்கள். செய்யாதவர்களிடம் கொள்முதல் நின்றது. சிறிய ஆலைகள் சில மூடப்பட்டன, அதை மறைக்க வேண்டாம். ஆனால் 2012-13-ல் சுமார் 2,150 கோடி டாலராக இருந்த அந்நாட்டு ஆடை ஏற்றுமதி 2018-19-ல் 3,400 கோடி டாலரைத் தாண்டியது. ஏற்றத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. பாதுகாப்பு வந்தால் தொழில் செத்துவிடும் என்ற வாதம் மட்டும் அங்கே செத்தது.

அல்கோவா என்ற அலுமினிய நிறுவனம் இன்னொரு உதாரணம். 1987-ல் பால் ஓ'நீல் தலைமைக்கு வந்ததும், முதலீட்டாளர் கூட்டத்தில் லாபத்தைப் பற்றிப் பேசாமல் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். கேட்டவர்கள் நெளிந்தார்கள். அவர் விலகிய 2000-க்குள் காயங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன, ஆண்டு லாபம் ஐந்து மடங்கு ஏறியிருந்தது. ரகசியம் ஒன்றுமில்லை. ஒருவர் கை ஏன் வெந்தது என்று உண்மையாகவே தேடினால், உலோகம் ஏன் சிந்துகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். சிந்தும் உலோகம் நஷ்டமும்தான்.

எல்லாவற்றையும் தனியாரிடம் கொடுத்துவிட்டால் சேவை சரியாகிவிடாதா?

ராணா பிளாசா தனியாருடையது, சாம்புங் தனியாருடையது, செவோலும் தனியாருடையது. சேவை வேகம் சில இடங்களில் கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வசதியுள்ளவர்கள் தனியாருக்குப் போனதும் பொதுச் சேவையில் குரல் உயர்த்திக் கேட்கக்கூடியவர்கள் காலியாகிவிடுகிறார்கள். மிஞ்சுபவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள்.

கவுண்டரில் இருப்பவர், ஓட்டுநர், ஊழியர், இவர்களைத்தானே குற்றம் சொல்ல வேண்டும்?

கோபம் நியாயம்தான். எனக்கும் வரும். ஆனால் கோபத்தோடு நின்றுவிட்டால் அடுத்த தடவை தவறு மறைக்கப்படும், அவ்வளவுதான் நடக்கும்.

அமெரிக்காவில் 1976-ல் விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே தெரிவிக்க ஓர் ஏற்பாடு வந்தது. அதை நடத்துவது உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ள துறை இல்லை, நாசா. அந்த ஒரு பிரிவினைதான் விஷயமே. அடிக்கிறவரிடம் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டொயோட்டா ஆலைகளில் வரிசையில் நிற்கும் கடைநிலைத் தொழிலாளிகூட ஒரு கயிற்றை இழுத்து, கோளாறு என்று கூப்பிடலாம். இழுத்ததற்காக அவரைத் திட்டக் கூடாது என்பதில்தான் அந்த முறையே நிற்கிறது. கயிறு வாங்கிக் கட்டுவது சுலபம். திட்டாமல் இருப்பதுதான் பல நிறுவனங்களுக்கு வராது.

இது எங்கள் பண்பாட்டிலேயே ஊறியது, மாற்ற முடியாது என்கிறார்களே?

கொரியன் ஏர் விமானம் ஒன்று 1997 ஆகஸ்ட் 6 அன்று குவாமில் தரையிறங்கும்போது குன்றில் மோதி 228 பேர் இறந்தார்கள். தலைமை விமானியின் இறங்குமுறை தவறு. துணை விமானியும் பொறியாளரும் அதைச் சரியாகக் கண்காணித்துத் தடுக்கவில்லை என்றது விசாரணை அறிக்கை. பெரியவரிடம் எதிர்த்துப் பேசுவது எவ்வளவு கடினம் என்று தமிழ் பேசும் யாருக்கும் சொல்ல வேண்டாம். "ஐயா, கொஞ்சம் பார்த்துக்குங்களேன்" என்பதற்கும் "மேலே தூக்குங்க!" என்பதற்கும் நடுவில் சில விநாடிகள்தான் இடைவெளி. (அமெரிக்கத் தரப்பும் யோக்கியமில்லை. குவாமில் தாழப் பறந்தால் எச்சரிக்கும் கருவி, வீண் அலாரம் அடிக்கிறது என்று வேண்டுமென்றே முடக்கப்பட்டிருந்தது.)

1999-ல் அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் அவர்களோடு வைத்திருந்த பயணச்சீட்டுக் கூட்டை நிறுத்திவைத்தது. அடுத்த வருடம் அதே டெல்டாவில் வேலை பார்த்த ஒருவரையே கொரியன் ஏர் கூப்பிட்டு விமான இயக்கப் பொறுப்பைக் கொடுத்தது. பயிற்சி மாறியது, பதவி உயர்வு முறை மாறியது, இளையவர் தடுத்துப் பேசுவது கடமை என்றாயிற்று. 1999-க்குப் பிறகு அந்த நிறுவனத்தில் உயிர்ப்பலி வாங்கிய விபத்தே இல்லை. அதே மனிதர்கள், அதே மொழி, அதே மரியாதைச் சொற்கள்.

கடுமையான தண்டனை கொடுத்தால் பயம் வராதா?

செவோல் கேப்டனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். ஆனால் நூறில் ஒருவர் மாட்டிக்கொண்டு பத்து வருடம் உள்ளே போவதைவிட, நூறில் எழுபது பேர் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் கதவை மூட வேண்டி வருவதுதான் ஆட்களை மாற்றும். பழைய உதாரணம் ஒன்று. கொதிகலன்கள் வெடித்துக்கொண்டே இருந்த காலத்தில், 1866-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஒரு காப்பீட்டு நிறுவனம் தொடங்கியது. காப்பீடு வேண்டுமா, எங்கள் ஆள் வந்து கொதிகலனைத் தட்டிப் பார்ப்பார் என்றது. வெடித்தால் அவர்கள் பணம் போகும் என்பதால் பார்க்காமல் கையெழுத்துப் போடவில்லை. அப்படியும் வெடிப்புகள் நிற்கவில்லை. 1905-ல் அதே நாட்டின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலச் சட்டம் வந்தது.

மக்களே விதியை மதிப்பதில்லையே?

மதிப்பதில்லைதான். ஸ்வீடன் 1997-ல் இதை ஒப்புக்கொண்டே தொடங்கியது. மனிதர் தவறு செய்வார், அந்தத் தவறு அவர் உயிரை எடுக்காதபடி சாலையை அமை என்றார்கள். எதிரெதிர் வண்டிகள் மோதாமல் நடுவில் கம்பித் தடுப்பு, சந்திப்புகளில் சுற்றுவட்டம், ஊருக்குள் வேகத்தடை. அந்த வருடம் அங்கே சாலையில் இறந்தவர்கள் 541 பேர். இப்போது ஆண்டுக்கு 200 முதல் 230 வரை.

எங்கிருந்து தொடங்கலாம்?

பெரிய திட்டங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆய்வு அறிக்கைகளை யாரும் பார்க்கும்படி வெளியிட்டாலே பாதி வேலை முடியும். எந்தத் தேதியில், யார் போனார், எதை அளந்தார், முள் எங்கே நின்றது. 'திருப்திகரம்' என்ற சொல்லை அறிக்கைகளிலிருந்து எடுத்துவிட வேண்டும், எண் எழுதட்டும். விண்ணப்பம் வாங்கும் ஜன்னலிலேயே முழுதும் சரிபார்த்து வாங்க வேண்டும். வாங்கிய பிறகு குறை சொல்லும் உரிமை அலுவலகத்துக்கு இருக்கக் கூடாது. பட்டறைக்காரரின் நாலு மாதம் அங்கே மிஞ்சியிருக்கும்.

தனி ஆளாக நான் என்ன செய்ய முடியும்?

உள்ளே நுழையும் இடத்திலெல்லாம் வெளியேறும் கதவு எது என்று பாருங்கள், அதைத் தள்ளியும் பாருங்கள். ஒரு கூட்ட அரங்கில் நான் தள்ளியபோது திறக்கவில்லை. பின்னால் அட்டைப்பெட்டிகள். காவலாளியிடம் சொன்னேன், சாவி மேனேஜரிடம் என்றார். மேனேஜர் நிகழ்ச்சி முடியட்டும் என்றார். நிகழ்ச்சி முடிந்தால் கதவு எதற்கு என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் என்ன விஷயம் என்று திரும்பினார்கள், பிறகு நாலு பேர். பெட்டிகளை நகர்த்த ஆறு நிமிடம் ஆயிற்று. பூட்டு துருப்பிடித்திருந்ததால் எண்ணெய் விட்டுத்தான் திறந்தார்கள்.

தீயணைப்பான் கதையும் மிச்சம் இருக்கிறது. மறு வருடம் அதே கட்டடத்துக்குப் போனேன். புது சிலிண்டர், முள் பச்சையில். அட்டையில் மார்ச் வரை கையெழுத்து. நான் போனது ஏப்ரல் முதல் வாரம். இரண்டு நிற மை.